ஒரு படிப்பு, இரண்டு சான்றிதழ்: மூன்றாம் படிவப் பிள்ளைகளின் பெற்றோருக்கு



இந்த வாரம் மூன்றாம் படிவத்தில் பிள்ளை இருக்கிற வீடுகளோடுதான் நமக்குப் பேச்சு. மற்றவர்களும் படித்து வைக்கலாம். இன்றைக்குத் தமிழ்ப்பள்ளியில் சிலேட்டும் பையுமாகப் போகிற பிள்ளை நாளைக்கு மூன்றாம் படிவத்துக்கு வரத்தானே போகிறது!

தோட்டங்களுக்குப் போகும் இடமெல்லாம் நம் காதில் விழுகிற ஒரு பேச்சு உண்டு. “பையனுக்குப் படிப்பு ஏறலைங்க. கை வேலைன்னா நல்லாச் செய்வான். மோட்டார் சைக்கிளைக் கழட்டிப் போட்டா ஒரு ஆணி மிச்சமில்லாம மாட்டிடுவான். அஞ்சாம் பாரம் முடியட்டும், எங்கேயாச்சும் பட்டறையிலே சேர்த்து விடலாம்னு இருக்கோம்.” இப்படிச் சொல்லுகிற தகப்பனார்மேல் நமக்குக் கோபமில்லை. பிள்ளையின் கைத்திறமையை அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அதுவே பெரிய காரியம். ஆனால் ஐந்தாம் படிவம் முடியும் வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும் என்பதுதான் நம் கேள்வி. படிப்பு கசக்கிற பையன் அந்த இரண்டு வருஷத்தையும் வகுப்பில் கடைசி வரிசையில் தூங்கிக் கழிக்கிறான். சிலர் அதுவரைக்கும்கூட இருப்பதில்லை. நான்காம் படிவம் பாதியிலேயே டயர் கடைக்கோ, கார் கழுவுகிற இடத்துக்கோ போய்விடுகிறார்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆனது. பதினாறு, பதினேழு வயதுப் பையன் கண்ணுக்கு அந்தத் தொகை மலையாகத் தெரியும். முப்பது வயதிலும் அதே தொகைதான் கையில் வரும் என்பதை அவனுக்கு யார் சொல்வது?

பள்ளிக்கூட வயதிலேயே, பதினாறு வயதிலேயே, கைத்தொழிலைக் கற்றுக்கொண்டு, அந்தக் கல்வியையே பள்ளிப் படிப்பாகவும் தொழில் தகுதியாகவும் இரண்டு கணக்கில் எழுதிக்கொள்ளும் வழி நம் நாட்டில் இருக்கிறது. பல குடும்பங்களுக்கு இது தெரியாது. தெரிந்த குடும்பங்களும் பிள்ளை நான்காம் படிவத்தில் உட்கார்ந்த பிறகுதான் விசாரிக்கின்றன. அப்போது கதவு மூடியிருக்கும்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள ஏற்பாடு அல்ல. அமெரிக்காவில் டெக்சஸ் போன்ற மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர் சமூகக் கல்லூரிப் பாடத்தைப் பள்ளியில் இருக்கும்போதே எடுத்துக்கொள்கிறார். ஒரே பாடம் பள்ளிச் சான்றிதழுக்கும் சேர்கிறது, கல்லூரிக் கணக்கிலும் ஏறுகிறது. வெல்டிங், கார் பழுதுபார்ப்பு போன்ற தொழில்களும் அதில் உண்டு. ஆனால் அங்கே பிள்ளைகள் அதிகமாக எடுக்கும் பாடங்கள் எவை தெரியுமா? ஆங்கிலக் கட்டுரை எழுதும் பாடமும் அந்நாட்டு வரலாறும் முன்வரிசையில் நிற்கின்றன. மொழியும் வரலாறும்! இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இதே இரண்டைப் பற்றி நாம் சொல்ல வேண்டியது இருக்கிறது.

நம் நாட்டு விவகாரத்துக்கு வருவோம். முதல் வழி கோலேஜ் வொக்கேஷனல் என்ற தொழிற்கல்லூரி. கே.வி. என்று பிள்ளைகள் சொல்வார்கள். முன்பு தொழிற்கல்வி இடைநிலைப்பள்ளிகளாக இருந்தவை 2012 முதல் படிப்படியாகக் கல்லூரிகளாக மாற்றப்பட்டன. கூலிம், நிபோங் திபால், ஸ்லிம் ரிவர், கிள்ளான், குளுவாங், சிகாமட் என்று தோட்டப்புறங்களுக்கு எட்டுகிற தூரத்திலேயே இவை இருக்கின்றன. மூன்றாம் படிவம் முடித்த பிள்ளை நேராக இங்கே சேரலாம். முதல் இரண்டு வருஷம் எஸ்.வி.எம். என்ற மலேசியத் தொழிற்கல்விச் சான்றிதழுக்கான படிப்பு. அதில் நன்றாகத் தேறியவர்கள் அங்கேயே தொடர்ந்து டி.வி.எம். என்ற டிப்ளோமாவை முடிக்கலாம். கூடவே மனிதவள அமைச்சின் எஸ்.கே.எம். என்ற தொழில்திறன் சான்றிதழ் பக்கமும் கணக்கில் ஏறுகிறது. வெளியே கம்பெனியில் நேரடி வேலைப் பயிற்சியும் உண்டு. கூடப் படித்த பிள்ளைகள் ஐந்தாம் படிவம் முடித்து என்ன படிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, இந்தப் பிள்ளை ஒரு தொழிலில் பாதி தூரம் போயிருக்கும்.

என்னென்ன தொழில்? கார் தொழில்நுட்பம், மின்சாரம், எலெக்ட்ரானிக்ஸ், வெல்டிங், இயந்திரக் கடைசல், குளிர்சாதனம், கட்டுமானம் ஆகியவை ஒரு பக்கம். சமையற்கலை, பேக்கரி, தையலும் உடை வடிவமைப்பும், அழகுக்கலை, குழந்தைப் பராமரிப்பு மறுபக்கம். கணக்கியல், கணினி வலையமைப்பு போன்றவையும் உண்டு. எல்லாக் கல்லூரியிலும் எல்லாம் கிடையாது. ஆகவே “பக்கத்திலே எந்த கே.வி.?” என்று மட்டும் கேட்டால் போதாது, “அங்கே என் பிள்ளைக்குப் பிடித்த தொழில் இருக்கிறதா?” என்றும் கேட்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பைத்தியமான பையனைப் பக்கத்தில் இருக்கிறதென்று கணக்கியலில் கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன ஆகும்? மூன்றே மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

இரண்டாவது வழி, பிள்ளை இப்போது படிக்கிற சாதாரண இடைநிலைப்பள்ளியிலேயே இருக்கலாம். பி.வி.எம்.ஏ. என்ற மேல்நிலைத் தொழிற்கல்வித் திட்டம் சில பள்ளிகளில் நடக்கிறது. நான்காம், ஐந்தாம் படிவத்தில் மலாய்மொழி, வரலாறு போன்ற முக்கிய எஸ்.பி.எம். பாடங்களோடு, அந்தப் பள்ளியின் பட்டறையிலேயே ஒரு தொழிலையும் கற்கிறார்கள். முடிவில் எஸ்.பி.எம். ஒன்று, இரண்டாம் நிலை எஸ்.கே.எம். ஒன்று. வீட்டை விட்டுப் பிள்ளையை அனுப்ப மனம் வராத தாய்மார்களுக்கு இது நல்ல வழி. எல்லாப் பள்ளிக்கும் இந்த வாய்ப்பு தரப்படவில்லை. உங்கள் பிள்ளையின் பள்ளியில் இல்லாவிட்டால் பக்கத்துப் பள்ளியில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இதோடு இன்னொன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எம்.பி.வி. என்ற பெயரில் வீட்டு மின்கம்பி இணைப்பு, கேட்டரிங், தையல் போன்ற தொழிற்பாடங்கள் 2002 முதல் சாதாரணப் பள்ளிகளில் இருக்கின்றன. அது நல்ல பாடம்தான். ஆனால் எஸ்.பி.எம்.மில் ஒரு பாடமாக மட்டுமே சேரும். தனியாக இன்னொரு சான்றிதழ் கையில் வராது. “என் மகனும் தொழிற்கல்விதான் படிக்கிறான்” என்று நிம்மதியாக இருந்துவிடாமல், முடிவில் எத்தனை சான்றிதழ் கையில் வரும் என்று பள்ளியில் நேராகவே கேட்டுவிடுங்கள்.

இப்போது நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பட்டறைப் படிப்புதானே, புத்தகத்துக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெற்றோர் சிலரும் அப்படியே நினைக்கிறார்கள். இங்கேதான் கால் வழுக்குகிறது! கே.வி. பிள்ளை வாங்கும் எஸ்.வி.எம். சான்றிதழை எஸ்.பி.எம்.முக்குச் சமமாக அரசாங்கம் ஏற்க வேண்டுமானால், தொழிலில் கெட்டிக்காரனாக இருந்தால் மட்டும் போதாது. தொழிற்பாடங்களில் மொத்தச் சராசரி 2.67 புள்ளி வேண்டும். கல்விப் பாடங்களில் 2.00 வேண்டும். தொழில் பகுதிகள் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்றிருக்க வேண்டும். அதோடு, 1104 என்ற எண்ணுள்ள மலாய்மொழித் தாளில் கிரெடிட், 1251 என்ற எண்ணுள்ள வரலாற்றுத் தாளில் தேர்ச்சி. சாதாரணப் பள்ளியிலும் கதை இதேதான். மலாய்மொழியில் தேறாதவனுக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லை. 2013 முதல் வரலாற்றில் தேறாதவனுக்கும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு பையன் இரண்டு வருஷம் வெல்டிங் கற்று, வாத்தியாரே மெச்சும்படி இரும்பை ஒட்டுகிறான். வரலாற்றுத் தாளில் கோட்டை விடுகிறான். அவன் கையில் உள்ள காகிதம் ஒரு காலால் நொண்டுகிற காகிதம். பெரிய கம்பெனியில் கேட்டால் இழுத்தடிப்பார்கள். எஸ்.பி.எம். தகுதி கேட்கும் அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. இரண்டு சான்றிதழ் தர வேண்டிய படிப்பு ஒன்றரையில் நின்றுபோகிறது. நம் பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் பட்டறையில் அல்ல, இந்த இரண்டு தாள்களில்தான் என்பது நம் எண்ணம்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பு வழியாக வந்த பிள்ளைக்கு மலாய் சற்றுத் தயங்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தொழில்திறன் தேர்வில்கூடச் செய்த வேலையை எழுதிக் காட்ட வேண்டும், பதிவேடு நிரப்ப வேண்டும், கேட்கும் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். இதெல்லாம் மலாய்மொழியில்தான். ஆகையால் டியூஷனுக்குக் கொடுக்க வீட்டில் நாற்பது வெள்ளிதான் இருக்கிறது என்றால், தொழிற்கல்வி எடுத்த பிள்ளைக்கு அதை மலாய்மொழிக்கே கொடுங்கள். வரலாற்றை அண்ணனோ அக்காவோ வீட்டிலேயே கேள்வி கேட்டுச் சொல்லிக் கொடுக்கலாம். ஒருமுறை தவறிவிட்டாலும் திரும்ப எழுத வழியுண்டு. அதோடு முடிந்துவிட்டதென்று பிள்ளையை மூலையில் உட்கார விடாதீர்கள்.

“சான்றிதழ் எதுக்குங்க, வேலை தெரிஞ்சாப் பத்தாதா?” என்று கேட்பவர்களுக்கு மின்சார வேலையைச் சொல்வோம். கம்பி இழுக்கவும் சுவிட்ச் மாட்டவும் தெரிந்த பையன்கள் நம் லயங்களிலேயே எத்தனை பேர்! ஆனால் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் இல்லாதவன் வயரிங் வேலையைத் தன் பெயரில் எடுத்துக் கையெழுத்துப் போட முடியாது. இருபது வருஷம் செய்தாலும் அவன் கூடமாட வேலை செய்பவன்தான். கையெழுத்துப் போடுகிறவன் வேறு, காசை எண்ணுகிறவனும் அவன்தான்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. விடுதியில் போய் இருக்க வேண்டும், நம் இனப் பிள்ளைகள் அங்கே கொஞ்சம்தான் என்றதும் தாய்மார்கள் கையை உதறிவிடுகிறார்கள். பயம் நியாயமானது. ஒரு சனிக்கிழமை நேரில் போய் விடுதியைப் பாருங்கள். ஒரே தோட்டத்திலிருந்து இரண்டு பிள்ளைகளாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் துணைக்குத் துணையும் ஆச்சு. சமைக்கவும் தைக்கவும் மட்டும்தான் அங்கே சொல்லித் தருவார்கள் என்றும் எண்ண வேண்டாம். மின்சாரப் பிரிவிலும் கணினிப் பிரிவிலும் பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள்.

கே.வி. விண்ணப்பம் மூன்றாம் படிவ வருஷத்திலேயே இணையம் வழியாகப் போகிறது. கைத்தொலைபேசி இருந்தாலும் நாமே தடவித் தடவி நிரப்புவதைவிட, பள்ளியின் கவுன்செலிங் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புவது மேல். ஒரு தப்பெழுத்து விழுந்தாலும் அலைய வேண்டி வரும். பி.டி.3 தேர்வு 2022-இல் எடுக்கப்பட்டுவிட்டதால், பெரிய பரீட்சை ஒன்றும் இல்லையே என்று பிள்ளைகள் அலட்சியமாக இருக்கிறார்கள். வகுப்பில் ஆசிரியர் வைக்கும் மதிப்பீடுதான் இப்போது பேசுகிறது. மூன்றாம் படிவத்தில் பள்ளிக்கு மட்டம் போடுகிற பையனுக்கு அந்த ஏடே சாட்சி சொல்லிவிடும்.

குடியுரிமை விஷயத்தையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். கே.வி.யில் சேர மலேசியக் குடியுரிமை வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் பெயர் தப்பு, தகப்பனார் பெயர் விடுபட்டது, திருமணத்தைப் பதியாததால் வந்த சிக்கல் என்று நம் தோட்டங்களில் கிடக்கிற பழைய வழக்குகள் கொஞ்சமா நஞ்சமா? பதினாறு வயதில் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அது சரியாகாது. பிள்ளை ஒன்றாம் படிவத்தில் இருக்கும்போதே பத்திரத்தை எடுத்துப் பார்த்து, கோளாறு இருந்தால் பதிவு இலாகாவுக்கு நடையைத் தொடங்குங்கள்.

“எங்க பையன்தான் ஏற்கெனவே நின்னுட்டானே” என்கிற வீடுகளுக்கும் வழி அடைக்கவில்லை. 2005 முதல் நடக்கும் எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் பெரும்பகுதி நேரம் கம்பெனியில் வேலை, மீதி நேரம் வகுப்பு. முடிவில் தொழில்திறன் சான்றிதழ். தோட்டத்துப் பட்டறையிலும் ஆலையிலும் பல வருஷம் வேலை செய்து கை தேர்ந்த பெரியவர்களுக்கும் பி.பி.டி. என்ற ஏற்பாடு உண்டு. வகுப்பில் உட்காராமலே, செய்த வேலைக்கான ஆதாரங்களைச் சேர்த்துக் காட்டி எஸ்.கே.எம். வாங்கலாம். டிராக்டரைப் பிரித்துப் பூட்டுகிற பெரியப்பாவுக்கும் ஒரு சான்றிதழ் கிடைத்தால் வேண்டாம் என்பாரா என்ன!

அடுத்த முறை பள்ளியில் பெற்றோர் கூட்டம் வைத்தால் ‘பெரட்டு இருக்குது, போக முடியாது’ என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் ஒருவராவது போய், கவுன்செலிங் ஆசிரியரைப் பார்த்து, இந்தப் பள்ளியில் பி.வி.எம்.ஏ. இருக்கிறதா, எந்தத் தொழில், கே.வி. விண்ணப்பம் எந்த மாதம் திறக்கிறது, பிள்ளையின் மலாய்மொழியும் வரலாறும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று கேளுங்கள். வாயால் சொன்னால் வீடு வருவதற்குள் மறந்துபோகும். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.