உங்களுக்குத் தெரியுமா? – தலைமன்னார் ஸ்பெஷல்!

கொழுந்து பறிக்க வந்த தமிழகத் தொழிலாளிக்கு 1914 முதல் இலங்கையின் வாசல் எது? தலைமன்னார் இறங்குதுறை! ஏறிவந்த கப்பல்களின் பெயர்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். அத்தனையும் வைஸ்ராய்கள்!

கப்பலேறும் முன் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவல். இந்திய மண்ணில் இருந்த அந்த முகாமை நடத்தியது யார்? இலங்கை அரசு!

இன்று அதே மண்டபத்தில் இருப்பது இலங்கை அகதிகள் முகாம்! 2021இல் தமிழக அரசு குடும்பத் தலைவருக்கான மாத உதவியை 1,500 ரூபாயாக உயர்த்தியது!

இலங்கையின் முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் யாருக்கு வந்தது? உள்ளூர்க்காரருக்கு அல்ல, இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு! ஆண்டு 1927!

1939இல் கொழும்பு அரசு இந்தியத் தினக்கூலிகளை வேலையிலிருந்து நீக்கியது. டெல்லி சும்மா இருக்குமா? ஆகஸ்ட் 1 முதல் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்பவே தடை!

இதுதான் என் பொக்கிஷம், கேளுங்கள்! 1964 ஒக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேர் இந்தியா திரும்ப வேண்டும். அவர்களின் சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் கூட அதிலேயே இடம் உண்டு! போகும்போது கையோடு கொண்டுபோகலாம். ஒரு குடும்பத்துக்கான உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கவே கூடாது! வேலையில் இருப்பவர் முறை வரும்வரை, அல்லது 55 வயதுவரை, வேலையில் நீடிக்கலாம்! இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து பேசிய பேச்சில் கூலிக்காரனின் சேமிப்புக் கணக்கு!

அந்தப் பயணமும் தலைமன்னார் வழியாகத்தான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியதால் அக்கரைத் துறை இராமேஸ்வரம் ஆனது. 1984இல் கப்பலே நின்றது!

திரும்பியவர்களுக்கு நீலகிரியில் காத்திருந்தது என்ன? மறுபடியும் தேயிலை! 1968இல் தமிழக அரசே அவர்களுக்காகத் தோட்டம் போட்டது!

இலங்கையில் இன்றும் சேமலாப நிதியைப் பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும்தான் எடுக்க முடியும். நிரந்தரமாக வெளிநாடு போகிறீர்களா? காத்திருக்கவே வேண்டாம்!

2022இல் இலங்கையிலிருந்து வேலைக்குப் பறந்தவர்கள் 3 இலட்சத்து 11 ஆயிரம் பேர். அன்றைக்கு அது சாதனை! வங்கி வழியே வந்த பணமோ 5.49 பில்லியன் டொலரிலிருந்து 3.79 பில்லியனாகச் சரிந்தது! மிச்சம் எங்கே? பெரும்பகுதி உண்டியல் எனும் வங்கிசாராப் பணமாற்று வழியில்!

அரசு விடுமா? வங்கியில் டொலர் அனுப்பியவர்களுக்கு மின்சார வாகனம் இறக்குமதி செய்ய அப்போது அனுமதி கொடுத்தது!

மன்னாரிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறவரா நீங்கள்? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டே ஏறுங்கள். உங்களுக்குக் காப்புறுதி, ஐந்தாம் வகுப்பில் சித்தியடையும் பிள்ளைக்குப் புலமைப்பரிசில்!