யார் கண்களால் வாசிப்பது? பொதுக் கணினியும் பார்வையற்ற தலித் மக்களும்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், காவல் அதிகாரிக்கு ஒரு கடமையை வெளிப்படையாக விதிக்கிறது. வாய்மொழியாகச் சொல்லப்படும் புகாரை எழுத்தில் பதிந்தபின், கையொப்பம் பெறுவதற்கு முன், அதைப் புகார்தாரருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்தறியாதவரை ஏமாற்றிக் கையொப்பம் வாங்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. ஆனால் வாசிப்பவர், எழுதியிருப்பதைத்தான் வாசிக்கிறாரா? பார்வையற்ற ஒருவர் இதைச் சரிபார்க்க வேண்டுமானால் மற்றொருவரின் கண்களை நாட வேண்டும். சாதியால் பிளவுண்ட ஊரில் அந்தக் கண்கள் யாருடையவை என்பது சிறிய கேள்வி அன்று. புகார் மட்டுமல்ல, சாதிச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், பட்டா, மருத்துவ அறிக்கை என ஒருவரின் வாழ்வையே தீர்மானிக்கும் தாள்கள் அனைத்தும் இவ்வாறே பிறர் வாய் வழியாக வந்து சேர்கின்றன.

இந்தச் சார்பை உடைக்கக்கூடிய கருவி ஒன்று இருக்கிறது. அது விலையற்றது என்பதும், எந்த ஊர் நூலகத்துக் கணினியிலும் இயங்கக்கூடியது என்பதும் நம்மில் பலர் அறியாதவை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர், மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே இந்த விகிதம் 2.45 விழுக்காடு. பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதாரிடையே 2.18. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஊட்டமின்மையும் ஆபத்தான வேலையும் எட்டாத மருத்துவமும் உடலில் எழுதும் கணக்கு அது என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார். மாற்றுத்திறனாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் கிராமங்களில் வாழ்கின்றனர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கருவியின் பெயர் திரைவாசிப்பான். கணினித் திரையில் உள்ள எழுத்துகளை இயங்குதளத்திடமிருந்து பெற்று, பேச்சொலியாக மாற்றித் தரும் மென்பொருள் இது. சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையை மட்டும் கொண்டே கணினி முழுவதையும் கையாளலாம். இவ்வகையில் நெடுங்காலம் கோலோச்சிய ஜாஸ் என்ற மென்பொருளின் விலை ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாதது. 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவருடன் ஜேம்ஸ் டே என்ற மற்றொரு பார்வையற்ற நிரலாளர் இணைந்தார். பார்வையற்றவர், பார்வையுள்ளவர் கொடுக்கும் விலையைவிட அதிகம் கொடுத்துத்தான் கணினியைப் பயன்படுத்த வேண்டுமா என்பதே அவர்களது கேள்வி. என்விடிஏ இலவசமானது, மூல நிரல் திறந்தது, தமிழையும் வாசிக்கிறது. உடன் வரும் தமிழ்க் குரல் இயந்திரத்தனமானதுதான், ஆனால் சில வாரங்களில் காது பழகிவிடும். பொது இடத்திற்கு முக்கியமான செய்தி இது: இதனை ஒரு பென்டிரைவில் வைத்துக்கொண்டு, கணினியில் நிறுவாமலேயே இயக்கலாம்.

அப்படியானால் சிக்கல் எங்கே? பெரும்பகுதி, எழுத்துருவில் இருக்கிறது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி உண்மையில் சேமிப்பது தமிழ் எழுத்தை அன்று. ஆங்கில எழுத்தின் குறியெண்ணைச் சேமித்து, அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. பாமினியில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால் கோப்பினுள் இருப்பவை ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண் உள்ளவருக்குத் தமிழ் தெரியும்; திரைவாசிப்பானோ அந்த ஆங்கில எழுத்துகளை உளறும். ஒருங்குறியில் தட்டச்சு செய்தால் மட்டுமே கோப்பினுள்ளும் தமிழ் இருக்கும். தமிழ்நாடு அரசு 2010 ஜூன் மாதமே ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதன்பின்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, அச்சிட்டு, கையொப்பமிட்டு, அதை மீண்டும் வருடிப் படமாகப் பதிவேற்றும் பழக்கம் அலுவலகங்களில் சாகவில்லை. வருடிய படத்தின் முன் திரைவாசிப்பான் ஊமை. முதல் தகவல் அறிக்கை இவ்வாறு படமாக வந்தால், சட்டம் வழங்கச் சொன்ன இலவச நகல் பார்வையற்றவர் கையில் வெற்றுத் தாளே.

சரி, கருவியை ஏன் பொது இடத்தில் வைக்க வேண்டும். தனித்தனியாக வழங்கினால் போதாதா? உதவி உபகரணங்கள் பெரும்பாலும் முகாம்களில் தனிநபருக்கே வழங்கப்படுகின்றன. மடிக்கணினி கிடைக்கலாம். ஓரறை வீட்டில், சத்தத்தின் நடுவே, கற்றுத்தர எவருமின்றி அது விரைவில் பெட்டிக்குள் போய்விடும். கற்றுக்கொள்வதற்கு இன்னொரு பயனாளர் அருகில் வேண்டும். பழுது பார்க்க ஒருவர் வேண்டும். இணைய இணைப்பு வேண்டும். இவை ஒன்றுகூடும் இடம் நூலகம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஊர்ப்புற நூலகத்தில் அப்படி எதிர்பார்க்க இயலாது என்பார்கள். ஒரு கணினி, ஒரு ஹெட்போன், விசைகளைச் சொல்லித்தரத் தெரிந்த ஒருவர்: தொடக்கத்திற்கு இவ்வளவே தேவை.

ஹெட்போன் இல்லாவிட்டால் சாதிச் சான்றிதழ் அறை முழுவதற்கும் கேட்கும் என்பதை மறக்க வேண்டாம்.

'பொது' என்ற சொல்லையே தலித் வரலாறு ஐயத்துடன்தான் பார்க்கும். பொதுச்சாலையும் கிணறும் பொதுக் கட்டடங்களும் அனைவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் நீர் அள்ளினார். சட்டம் திறந்த கதவை ஊர் திறப்பதில்லை என்பதை இரண்டும் காட்டின. இன்றும் நூலகம் ஊர்த்தெருவில் இருந்தால், சேரியிலிருந்து வரும் பார்வையற்ற இளைஞர் எந்தத் தெரு வழியாக, யார் துணையுடன் அதை அடைவார்? சாய்தளம் கட்டியதோடு அணுகல் முடிந்துவிடுகிறது என்று எண்ணும் மாற்றுத்திறனாளி இயக்கமும், நுழைவுரிமை கிடைத்ததோடு அது முடிந்துவிடுகிறது என்று எண்ணும் சாதி எதிர்ப்பு இயக்கமும் இந்த இளைஞரைப் பாதி வழியில் விட்டுவிடுகின்றன.

அரசமைப்பின் 15ஆம் உறுப்பு கடைகள், கிணறுகள், சாலைகள் போன்ற பொது இடங்களில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஆனால் அங்கு அடுக்கப்பட்ட சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றுள் ஊனம் இல்லை. அந்த இடைவெளியை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஓரளவு நிரப்புகிறது. அதன் 42ஆம் பிரிவு மின்னணுத் தகவல்கள் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. 92ஆம் பிரிவு, பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கும்போது வன்கொடுமைச் சட்டத்தின் சொற்களையே கையாள்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்திற்கு முரணானது என்றும், கட்டாயத் தரங்களை வகுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

சாதியும் ஊனமும் ஒரே உடலில் சந்திப்பதை அதே நீதிமன்றம் 2021இல் பட்டான் ஜமால் வலி வழக்கில் பேசியது. பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கு அது. ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதைத் தீர்ப்பு விரிவாக விளக்கியது. எனினும் சாதியின் பொருட்டே குற்றம் நடந்ததற்குச் சான்றில்லை என்று கூறி, வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கியது. விளக்கத்திற்கும் முடிவுக்கும் இடையிலான தொலைவு கவனிக்கத்தக்கது.

மாணவர்கள் உடனே செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம், இலாப நோக்கின்றி ஒரு நூலை மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் மாற்றிப் பகிர, பதிப்பாளரின் அனுமதி தேவையில்லை என்கிறது. தலித் இலக்கிய நூல்கள் பலவும் சிறு பதிப்பகங்களில் பழைய எழுத்துருக்களில் கோக்கப்பட்டவை. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, பிழை திருத்தி, நூலகக் கணினியில் வைக்கலாம். இயக்கங்களின் கண்டன அறிக்கைகளும் வாட்ஸப்பில் படமாகவே சுற்றுகின்றன. அவற்றுடன் அதே வாசகத்தை எழுத்தாகவும் அனுப்ப ஒரு நிமிடம் போதும்.

ஒரு கோப்பு திரைவாசிப்பானுக்கு ஏற்றதா என்று அறிய அந்த மென்பொருளே தேவையில்லை. ஒரு வரியைத் தெரிவு செய்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் அது வாசிக்கப்படும். ஆங்கில எழுத்துகள் குவிந்தால் பழைய எழுத்துரு. வரியைத் தெரிவு செய்யவே முடியாவிட்டால் அது படம். எழுத்து வடிவில் தருமாறு 42ஆம் பிரிவைச் சுட்டி அந்த அலுவலகத்திற்கு மனு எழுதலாம்.