குறைமாதப் பிள்ளையின் கால்கள்

37 வாரம் நிறையுமுன் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்கிறோம். “பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுந்து நிற்கிறது, நம் பிள்ளை இன்னும் தவழவில்லையே” என்று தாய்மார் கலங்குவதுண்டு. முதலில் வயதைச் சரியாகக் கணக்கிடுவோம். 32 வாரத்தில் பிறந்த பிள்ளை 8 வாரம் முந்திவிட்டது. ஆகவே பிறந்து ஆறு மாதமானாலும் வளர்ச்சியில் அதற்கு நான்கு மாதமே. இரண்டு வயதுவரை இப்படிக் கழித்தே பார்க்க வேண்டும்.

கருப்பையின் கடைசி வாரங்களில் இடம் நெருக்கமாவதால் பிள்ளை கால்களை மடக்கியே கிடக்கும். தசைகள் இறுகுவதும் எலும்பில் சுண்ணாம்புச் சத்து பெருமளவு சேர்வதும் அக்காலத்திலேதான். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அது வாய்ப்பதில்லை. அதனால் கால்கள் தளர்ந்து, தவளையின் கால்போல் விரிந்து கிடக்கலாம். எனவே குளிப்பாட்டும்போது கால்களை இழுத்து நீட்டாதீர்கள். நேராக வைத்துத் துணியால் இறுக்கிச் சுற்றாதீர்கள். தாயின் நெஞ்சோடு அணைத்து வைப்பதும், தாய்ப்பாலும், விழித்திருக்கையில் பாய்மேல் குப்புறக் கிடத்தி அருகிலிருந்து விளையாட்டுக் காட்டுவதும் நல்லது. தூங்கும்போது மல்லாக்கவே கிடத்துங்கள். நடைவண்டியில் உட்கார வைக்க வேண்டாம். சிறு பிள்ளையின் பாதம் தட்டையாயிருப்பது இயல்பு.

ஆனால் சில அறிகுறிகளை அசட்டை செய்யலாகாது. தூக்கும்போது கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல்போல் பின்னுதல், எப்போதும் நுனிக்காலில் நிற்றல், ஒரு காலை மட்டும் அசைக்காதிருத்தல், கழித்துக் கணக்கிட்ட வயதில் 9 மாதத்தில் உட்காராமையும் 18 மாதத்தில் நடவாமையும் ஆகியனவே அவை. குறைமாதப் பிள்ளையின் மூளையில் கால்களை இயக்கும் நரம்புகள் செல்லும் பகுதி எளிதில் பாதிப்படையக்கூடியது. இது யாருடைய பாவமுமல்ல, கண்ணூறுமல்ல. இயன்மருத்துவப் பயிற்சியை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ, அவ்வளவுக்குப் பயன் உண்டு.

இடம்பெயர்ந்தோர் பலர் பிள்ளையின் கிளினிக் அட்டையை இழந்திருப்பீர்கள். அதற்காகக் கிளினிக்கை நிறுத்திவிடாதீர்கள். இப்போது தங்கியிருக்கும் இடத்துக் குடும்பநல மாதுவிடம் பிள்ளை எத்தனை வாரத்தில், எவ்வளவு நிறையில் பிறந்தது என்று சொல்லுங்கள். தேவைப்படின் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை.

முந்தி விழுந்த விதைக்குக் கூடுதல் பராமரிப்பு வேண்டும் என்பது உழவருக்குத் தெரியாததல்ல. பிள்ளைக்கும் அப்படியே.