பழைய ஆட்கள், புதிய கயிறு

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வந்திருக்க மாட்டார். வந்தவர்களில் சிலர் வேலை நேரத்திலேயே குடிப்பார்கள். வேண்டுமென்றே காலி பாட்டிலைக் கார் கதவுக்குள் போட்டு மூடி அனுப்புவதும் நடந்தது. காரை வாங்கியவருக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே புரியாது. திடீர் வேலைநிறுத்தங்கள் ஒருபக்கம், தீர்க்கப்படாமல் குவிந்த ஆயிரக்கணக்கான புகார் மனுக்கள் மறுபக்கம். 1982-ல் நிர்வாகம் ஆலையை இழுத்து மூடியது.

1984 டிசம்பரில் அதே இடத்திலிருந்து மறுபடியும் கார் வெளியே வந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் டொயோட்டாவும் கூட்டாக ‘நும்மி’ என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தன. ஆலையை நடத்தும் பொறுப்பு டொயோட்டாவிடம். 2010-ல் மூடப்படும்வரை 25 ஆண்டுகள் ஓடிய இந்த ஆலையின் இடத்தில் இன்று டெஸ்லா கார்கள் தயாராகின்றன.

டொயோட்டா யாரை வேலைக்கு எடுத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தொடக்கத்தில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் அந்தப் பழைய தொழிலாளர்களே. சங்கமும் அதே சங்கம், அதன் தலைவர்களும் அவர்களே. ஆனாலும் இரண்டே ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸின் வேறெந்த ஆலையைவிடவும் இங்கே உற்பத்தித் திறன் கூடியது. வேலைக்கு வராதவர்கள் 5 விழுக்காட்டுக்கும் கீழே போனார்கள். ஆட்கள் மாறவில்லை, அவர்களைப் பற்றி மேலே இருந்தவர்கள் வைத்திருந்த எண்ணம் மாறியிருந்தது.

இதற்கான விளக்கத்தை எம்ஐடி பேராசிரியர் டக்ளஸ் மெக்ரிகர் 1960-லேயே எழுதிவைத்திருந்தார். மனிதன் இயல்பிலேயே சோம்பேறி, விரட்டினால்தான் வேலை செய்வான் என்பது ஒரு நம்பிக்கை; அதற்கு எக்ஸ் கோட்பாடு என்று பெயரிட்டார். தனக்குப் பிடிப்புள்ள வேலையென்றால் மனிதன் தானே முன்வந்து பொறுப்பேற்பான் என்பது இன்னொன்று, அது ஒய். எந்த நம்பிக்கையை வைத்து நடத்துகிறோமோ, அதற்கேற்ற சாட்சியத்தை ஆட்களே கொடுத்துவிடுவார்கள் என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியமானது. திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கப்படுகிறவன் பொறுப்பைக் கழற்றி வைத்துவிடுகிறான். அதைக் கண்ட சூப்பர்வைசர், “நான் அப்பவே சொல்லலையா?” என்று காவலை இன்னும் கூட்டுகிறார்.

ஃப்ரீமான்டில் பழைய நிர்வாகத்தின் முதல் கட்டளை, கார்கள் வரிசையாக நகர்ந்து உருவாகும் லைன் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது என்பது. கோளாறோடு கார் போனாலும் போகட்டும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். லைனை நிறுத்தும் உரிமையைக் கொடுத்தால் தொழிலாளி ஓய்வெடுப்பதற்காகவே நிறுத்துவான் என்று மேனேஜர்கள் உறுதியாக நம்பினார்கள்.

டொயோட்டா அந்த உரிமையை ஒவ்வொருவருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் கட்டித் தொங்கவிட்டது. லைன் நெடுக ஒரு கயிறு ஓடும். போல்ட் சரியாக ஏறவில்லையா, தொழிலாளி கயிற்றை இழுக்கலாம். உடனே ஓர் இசை ஒலிக்கும், விளக்குப் பலகையில் அந்த இடம் எரியும், குழுத் தலைவர் ஓடிவருவார். திட்ட அல்ல, கைகொடுக்க. கார் அந்த இடத்தின் எல்லையைத் தாண்டுவதற்குள் கோளாறு சரியானால் லைன் தொடர்ந்து ஓடும், இல்லையென்றால் நின்றுவிடும். லைன் நின்றால் பணம் போகும் என்பது டொயோட்டாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் கயிற்றைக் கொடுத்தது.

நம்பி நடத்துவது என்றால் வேலையைத் தளர்த்திவிடுவது என்று நினைத்துவிட வேண்டாம். நும்மியை ஆராய்ந்த பால் ஆட்லர் ஒரு கணக்கைப் பதிவுசெய்திருக்கிறார். பழைய ஆலையில் தொழிலாளியின் கை நிமிடத்துக்குச் சுமார் 45 நொடி வேலையில் இருந்தது. நும்மியில் அது 57 நொடி ஆனது. வேலையை நொடிக் கணக்கில் அளக்கும் ஸ்டாப்வாட்சும் போய்விடவில்லை. அதைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்து புகழ்பெற்றவர் ஃப்ரெடரிக் டெய்லர். இரும்புப் பாளம் சுமந்தவர்களை நாளுக்குப் பன்னிரண்டரை டன்னிலிருந்து 47 டன்னுக்கு உயர்த்தியதாக 1911-ல் எழுதியவர், அந்த வேலைக்கு ஏற்றவன் மாட்டின் புத்தியை ஒத்தவன் என்றும் எழுதினார். யோசிப்பது மேலே, செய்வது கீழே என்பது அவர் முறை. நும்மியில் ஸ்டாப்வாட்ச் தொழிலாளிகளின் கைக்கே வந்தது. ஒருவர் வேலை செய்ய இன்னொருவர் நேரம் பார்ப்பார். எந்த முறை பாதுகாப்பானது, எது சுளுவானது என்று குழுவாகப் பேசி, செய்முறைத் தாளைத் தாங்களே எழுதுவார்கள். கருவி ஒன்றுதான், ஆனால் அது யார் கையில் இருக்கிறது என்பதிலேயே மரியாதை தெரிந்துவிடுகிறது.

இதையெல்லாம் பார்த்த ஜெனரல் மோட்டார்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இருந்த தன் வான் நைஸ் ஆலையில் இதே முறையைக் கொண்டுவந்தது. குழுக்கள் வந்தன, கயிறும் வந்தது. ஆனால் மேனேஜர்களை இன்னும் கார்களின் எண்ணிக்கையை வைத்தே எடைபோட்டார்கள். யாராவது கயிற்றை இழுத்தால் அவர்களுக்குக் கோபம் வந்தது. பாதித் தொழிலாளர்களோ இதெல்லாம் ஆட்குறைப்புக்கான தந்திரம் என்று சந்தேகப்பட்டார்கள். 1992-ல் அந்த ஆலை மூடப்பட்டது.

அந்தச் சந்தேகத்துக்கு நும்மி தன் ஒப்பந்தத்திலேயே பதில் வைத்திருந்தது. நிறுவனமே நிலைக்குமா என்ற நெருக்கடி வந்தாலொழிய ஆட்குறைப்பு கிடையாது; அப்படியே வந்தாலும் முதலில் குறைவது அதிகாரிகளின் சம்பளம்தான் என்று சங்கத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். 1988 வாக்கில் அதற்குச் சோதனை வந்தது. நும்மியின் ஷெவர்லே நோவா கார் விற்காமல் தேங்க, ஆலையின் திறனில் 60 விழுக்காட்டை ஒட்டியே வேலை நடந்தது. அமெரிக்கக் கார் ஆலைகளில் இப்படியொரு நிலை வந்தால் நோட்டீஸ் ஒட்டுவதுதான் வழக்கம். நும்மி ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. லைனில் வேலை இல்லாதவர்கள் பயிற்சி வகுப்புக்குப் போனார்கள், வேலைமுறையை மேம்படுத்தும் குழுக்களில் உட்கார்ந்தார்கள், சம்பளத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.