பிழைக்கும் ஊரும் குடியிருக்கும் ஊரும்

வெளியூர்ப் பிழைப்பு கூத்தாநல்லூருக்குப் புதிதன்று. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிப் பொருள் ஈட்டியவர்கள் எழுப்பிய வீடுகள் அதன் தெருக்களில் இன்றும் நிற்கின்றன. அக்கம்பக்கத்தார் அவ்வூரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்று அழைப்பதும் அதனாலேயே. ஆயினும் அந்தப் பயணத்துக்கும், இன்று நம் அங்கத்தினர் சிலர் மேற்கொள்ளும் பயணத்துக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. அன்று கடல் கடந்தவர் தனியே சென்றார். மனைவி மக்களும் பெற்றோரும் ஊரிலேயே இருந்தனர். பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பினால் பாட்டி இருந்தாள். பாட்டி இல்லாத நாளில் அண்டை வீட்டார் இருந்தனர். இன்று வெண்ணாற்றுப் பாசனப் பகுதியிலிருந்து திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர் குடும்பத்தோடு போகிறார். கணவனும் மனைவியும் உழைத்தால்தான் அங்கே மிச்சம் என்று ஒன்று உண்டு. அவர்கள் உழைக்கும் நேரத்தில் வீட்டில் யார் இருப்பது என்பதைப் போவதற்கு முன் கேட்டுக்கொள்பவர் மிகச் சிலரே.

பயணத்தின் காரணத்தை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பது தஞ்சைச் சீமையின் பஞ்சாங்கத்திலேயே இடம்பெறத்தக்க நாள். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. 2016-இல் செப்டம்பர் 20-ஆம் நாளும், 2017-இல் அக்டோபர் 2-ஆம் நாளுமே தண்ணீர் விட்டார்கள். ஆழ்குழாய்க் கிணறு உடையவர்கள் குறுவையை ஒருவாறு காப்பாற்றிக்கொண்டனர். ஆற்று நீரை மட்டுமே நம்பியவர்களுக்கும், நடவையும் களையெடுப்பையும் நம்பிய கூலிக்காரர்களுக்கும் ஆனியும் ஆடியும் வெறும் மாதங்களாயின. 2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயல் எஞ்சியிருந்த தென்னையையும் கூரையையும் சாய்த்தது. 2020-இல் மீண்டும் ஜூன் 12-லேயே அணை திறந்தபோது, திருப்பூரில் வேர்விட்டுவிட்ட குடும்பங்கள் பல.

போவதும் எளிதாகிவிட்டது. கூத்தாநல்லூரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டரில் உள்ள மன்னார்குடியில் கோயம்புத்தூர் செல்லும் செம்மொழி விரைவு ரயிலில் இரவு ஏறினால், விடிவதற்குள் திருப்பூரில் இறங்கிவிடலாம். கையில் பாத்திர மூட்டையும், தோளில் உறங்கும் குழந்தையுமாக அந்த ரயிலுக்குக் காத்திருக்கும் குடும்பங்களை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "எங்க மச்சான் இருக்குற காம்பவுண்டுலயே ஒரு வீடு காலியா இருக்குங்க."

உறவினர் அருகில் இருப்பது பெரிய பலமே. அதை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் அந்த மச்சானும் அவர் மனைவியும் காலை எட்டரை மணிக்குக் கம்பெனிக்குள் நுழைந்தால் இரவு எட்டரை மணிக்குத்தான் வெளியே வருகிறார்கள். திருப்பூரில் இதற்கு 'ஒன்றரை ஷிப்டு' என்று பெயர். ஒரு ஷிப்டு மட்டும் பார்த்தால் சனிக்கிழமைச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாய்ப் போய்விடும் என்பதால், பலரும் ஒன்றரையையே விரும்புகிறார்கள். பள்ளி விடுவது மாலை நான்கேகால் மணி அளவில். ஆகவே, நான்கேகாலுக்கும் எட்டரைக்கும் இடையே நான்கு மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகள் பூட்டிய வீட்டு வாசலில் இருக்கிறார்கள். எந்த ஊரில் குடியேறுவது என்ற கேள்விக்கு வாடகையைக் கொண்டு விடை காண்பதைவிட, இந்த நான்கு மணி நேரத்தைக் கொண்டு விடை காண்பதே தகும் என்பது நம் கருத்து.

நாம் அறிந்த ஒரு குடும்பம் கூத்தாநல்லூருக்கு அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தது. கணவர் அயர்னிங் வேலையிலும், மனைவி செக்கிங் பிரிவிலும் சேர்ந்தனர். இரண்டு பிள்ளைகள். கம்பெனிக்கு நடந்து போகும் தொலைவில், திருப்பூர் நகருக்குள்ளேயே ஒற்றை அறை வீடு எடுத்தார்கள். பஸ் செலவு மிச்சம் என்று கணவர் மகிழ்ந்தார். ஆறு மாதம் சென்றது. ஒருநாள் இரவு அம்மையார் வீடு திரும்பியபோது இளைய பிள்ளையைக் காணவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு மளிகைக் கடைத் திண்ணையில் உறங்கிக்கொண்டிருந்தான். அன்றிரவு அவர் கணவரிடம் சொன்னதை அவரே நம்மிடம் கூறினார்: "பஸ் காசு மிச்சம்னீங்க. புள்ளைங்கள யாருங்க பாத்துக்குறது?"

அவர்கள் ஊத்துக்குளிக்குக் குடிபோனார்கள். ஊரில் தனித்திருந்த மாமியாரையும் அழைத்துக்கொண்டார்கள். நகரத்து ஒற்றை அறையில் அவருக்குப் படுக்க இடமில்லை. இங்கே அதே வாடகைக்குத் திண்ணையோடு வீடு கிடைத்தது. கணவர் திருப்பூருக்கே போய்வருகிறார். மனைவி உள்ளூரில் ஒரு சிறிய தையற் கூடத்தில் ஒரு ஷிப்டு மட்டும் பார்த்து, மாலை ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறார். வருமானம் குறைந்தது உண்மை. அதைப் பற்றி அவர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

திருப்பூரைச் சுற்றி ஏறக்குறைய 8 முதல் 16 கிலோமீட்டருக்குள் திருமுருகன்பூண்டி, அவிநாசி, பெருமாநல்லூர், பல்லடம், ஊத்துக்குளி ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. எல்லாம் ஒன்றுபோல் அல்ல. ஊத்துக்குளியில் ரயில் நிலையம் உண்டு. ஆனால் 'ஊத்துக்குளி ஆர்.எஸ்.' என்னும் அந்தப் பகுதி வேறு, ஊர் வேறு. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் உண்டு என்பதை அட்வான்ஸ் கொடுத்த பின் அறிந்து பயனில்லை. பெருமாநல்லூர்ப் பக்கம் ஆயத்த ஆடைப் பூங்கா இருப்பதால் அங்கே வேலை பெற்றவர் நகருக்குள் குடியிருந்து தினமும் வெளியே போய்வருவது வீண் அலைச்சல். அவிநாசி தேசிய நெடுஞ்சாலையில் உள்ள ஊர். கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் பஸ் வசதி உண்டு. ஆழித்தேர் கண்ட திருவாரூர்க்காரருக்கு அவ்வூர்ப் பெரிய தேரும் மனத்துக்கு இதமாயிருக்கும். திருமுருகன்பூண்டி கற்சிற்பிகளின் ஊர். சேரமானிடம் பெற்ற பொன்னோடு திருவாரூர் திரும்பிய சுந்தரரை வேடர் வழிமறித்துப் பறித்ததாகப் புராணம் கூறும் தலமும் அதுவே. நம்மூர்க்காரர் அங்கே பணத்தைப் பறிகொடுப்பது புதிதன்று! இக்காலத்தில் வேடரின் இடத்தை வீட்டுத் தரகர் பிடித்துக்கொண்டிருக்கிறார். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டால், ரசீது இல்லாமல் கொடுக்க வேண்டாம்.

பல்லடத்தைப் பற்றிச் சற்று நின்று கூற வேண்டும். அங்கே விசைத்தறியும் கோழிப்பண்ணையும் பெருந்தொழில்கள். விசைத்தறிக் கூடத்துக்கு அடுத்த வீட்டில் இரவும் பகலும் ஓசை ஓயாது. கைத்தறியின் தாளத்துக்குப் பழகிய காதுக்கு அது வேறு வகை. எனினும் ஒரு நன்மை உண்டு. பனியன் தொழில் ஒன்றையே நம்பிய இடத்தில் அத்தொழில் படுத்தால் ஊரே படுத்துவிடும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணைப்படி நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020-இல் ஊரடங்கு வந்தபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின்மீது வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோதும் திருப்பூர் இதைக் கண்டது. கணவனும் மனைவியும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தால் இருவர் வேலையும் ஒரே நாளில் நின்றுபோகக்கூடும். இரு தொழில்கள் நடக்கும் ஊரில் குடியிருப்போர்க்கு அந்த அச்சம் சிறிது குறைவு.

தண்ணீரைப் பற்றிக் கேளாமல் வீடு பார்க்கவே கூடாது. வாய்க்கால் கரையில் பிறந்தவர்க்கு 'நல்ல தண்ணீர்' என்றும் 'உப்புத் தண்ணீர்' என்றும் பிரித்துப் பேசுவதே வியப்பாக இருக்கும். அங்கே குழாயில் நல்ல தண்ணீர் நாள்தோறும் வரும் என்று எண்ண வேண்டாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில் வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம். குடியிருக்கும் பெண்களிடம் கேட்க வேண்டும். பகல் வேளையில் வருமானால், இருவரும் வேலைக்குப் போன வீட்டில் குடம் வெறுங்குடந்தான். கம்பெனி வேன் எந்தத் தெரு வரை வருகிறது, இரவு கடைசிப் பஸ் எப்போது என்பதையும் நேரில் ஒருநாள் நின்று பார்ப்பது நலம்.

இனி, விட்டுச் செல்லும் ஊரைப் பற்றி. குடும்ப அட்டைக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் எந்த நியாயவிலைக் கடையிலும் விரல்ரேகை வைத்துப் பொருள் பெறலாம். நிலந்தான் சிக்கல். குத்தகை என்று எழுதினால் நிலம் கைவிட்டுப் போகும் என்று அஞ்சி, அண்ணன் தம்பியிடமோ பங்காளியிடமோ வாய்மொழியாக ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். அறுவடையில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டாவும் அடங்கலும் கேட்கும்போதும், வெள்ளத்தில் பயிர் அழிந்து காப்பீட்டுத் தொகை வரும்போதும் மனவருத்தம் தொடங்குகிறது. சாகுபடி செய்பவர் யார், சங்கக் கடனைக் கட்டப்போகிறவர் யார் என்பதைப் புறப்படுமுன் சங்கச் செயலாளர் முன்னிலையில் பேசி, ஒரு தாளிலேனும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பங்குத் தொகைக்கு வாரிசு நியமனம் செய்யாத அங்கத்தினர் இப்போதே செய்துவிடலாம்.

நெசவாள அங்கத்தினர்க்குத் தனியாக ஒரு சொல். தறியைப் பிரித்துப் பரணில் போட்டுவிட்டுப் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டப் போவதற்கு முன், ஊத்துக்குளிக்குக் கிழக்கேயுள்ள சென்னிமலையை ஒருமுறை பார்த்துவரட்டும். கைத்தறிப் போர்வைக்குப் பெயர்பெற்ற ஊர்; எம்.பி. நாச்சிமுத்து போன்றோர் நெசவாளர் கூட்டுறவை வளர்த்த இடம். நம் பக்கத்துத் தறிக்கும் அங்குள்ள அகலத் தறிக்கும் வேறுபாடு உண்டு. கைபழகச் சில மாதம் ஆகலாம். கூலியும் பனியன் கம்பெனிக்கு ஈடாக இராது. ஆனால் தறி வீட்டில் இருக்கும். மாலை நான்கேகாலுக்கு வீட்டில் ஆளும் இருக்கும்.

புறப்படும் காலத்தையும் எண்ண வேண்டும். சம்பா நெல் விற்ற பணம் கைக்கு வரும் தை, மாசியில் புறப்படுவதே நம்மவர் வழக்கம். பள்ளி ஆண்டு முடியவோ ஏப்ரல் ஆகும். நடு ஆண்டில் பெயர்த்து நடப்பட்ட பிள்ளை அந்த ஆண்டின் படிப்பை இழக்கிறது. மாசியில் கணவர் மட்டும் போய், விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கி, மேலே சொன்ன ஊர்களை ஞாயிற்றுக்கிழமைதோறும் சுற்றிப் பார்க்கட்டும். சித்திரையில் மனைவி ஒருமுறை சென்று, வீட்டையும் குழாயையும் பள்ளியையும் தம் கண்ணால் காணட்டும். மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பிள்ளைகளோடு ரயிலேறலாம். அதற்குள் அணை திறந்து, வெண்ணாற்றில் தண்ணீர் வந்து, போக வேண்டாம் என்றே முடிவு செய்தாலும் செய்யலாம்.