மட்டையும் ஒரு சாட்சி

வரலாறு படிக்கும் மாணவிகள் பலர் நூலின் உள்ளே இருப்பதை மட்டுமே வரலாறு என்று எண்ணுகின்றனர். நூலின் மட்டையும் வரலாறு பேசும் என்பதை ஓர் அரசரின் வாழ்க்கை வரலாற்று நூலைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

1702ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் அரச அச்சகத்தில் ஒரு பெரிய நூல் அச்சாகியது. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் ஆட்சியைப் பதக்கங்களின் வழியாகச் சொல்வது அந்நூல். அதில் 286 பதக்கங்களின் படங்கள் உள்ளன. பதக்கத்தின் ஒரு புறம் மன்னரின் முகம், மறு புறம் அந்த நிகழ்ச்சியைக் குறிக்கும் சித்திரம், கீழே விளக்கம். பக்கங்களைப் புரட்டப் புரட்ட மன்னரின் முகம் முதுமையடைந்துகொண்டே போகும். இந்நூலுக்கென்றே புதிய எழுத்துருவும் வார்க்கப்பட்டது. வேறு அச்சகங்கள் அதைப் பிரதி செய்யக்கூடாது என்று தடையும் இருந்தது.

இதை எழுதியவர்கள் யார்? அமைச்சர் கொல்பேர் 1663இல் அமைத்த ஓர் அறிஞர் குழு. பதக்கங்களில் எதைப் பொறிப்பது, எப்படிப் புகழ்வது என்று தீர்மானிப்பதே அவர்களது முக்கிய வேலை. மன்னர் சம்பளம் கொடுக்க, மன்னரின் புகழை எழுதினார்கள். ஆகவே இந்நூலை வாசிக்கும்போது நாம் கவனமாக இருக்கவேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பிரான்ஸில் சிறுபான்மையினராக வாழ்ந்த புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர்களுக்கு 1598இல் நான்காம் ஹென்றி மன்னர் நாந்து நகரில் ஒரு கட்டளை மூலம் வழிபாட்டு உரிமை வழங்கினார். அவருடைய பேரனான பதினான்காம் லூயி 1685இல் அதை இரத்துச் செய்தார். அவர்களது வழிபாட்டுத் தலங்கள் இடிக்கப்பட்டன. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேறினர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. ஆனால் பதக்கங்களில் இந்த நிகழ்ச்சி மார்க்கத்தின் வெற்றியாகப் போற்றப்படுகிறது. ஊரைவிட்டுப் போனவர்களின் கண்ணீருக்கு அங்கே இடமில்லை. அழகான அச்சும் அருமையான சித்திரமும் உண்மைக்கு உத்தரவாதம் ஆகா என்பதை நான் இதிலிருந்தே விளங்கிக்கொண்டேன்.

இனி மட்டைக்கு வருவோம். அக்காலத்தில் செல்வந்தர்களான நூல் சேகரிப்போர் தம் நூல்களைத் தம் விருப்பப்படி தோலால் கட்டுவிப்பர். மட்டையின் நடுவே தம் குடும்பத்தின் குலச்சின்னத்தைப் பொன்னில் பதிப்பிப்பர். தோலின் மேல் முட்டை வெண்கருவைத் தடவி, மெல்லிய பொன் தகட்டை வைத்து, சூடாக்கிய பித்தளை அச்சால் அழுத்துவார்கள். அச்சுப்பட்ட இடத்தில் மட்டும் பொன் ஒட்டிக்கொள்ளும், மிகுதியைத் துடைத்துவிடுவார்கள்.

இந்தக் கலையில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. சிறந்த மட்டைகளுக்குப் பயன்பட்ட ஆட்டுத்தோலுக்கு ஐரோப்பியர் இட்ட பெயரே 'மொரோக்கோ'. சூட்டச்சால் தோலில் பொன் பதிக்கும் முறை முஸ்லிம் நாடுகளிலிருந்து 15ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்குச் சென்று, பின்னர் பிரான்ஸுக்குப் பரவியது. மட்டையின் உட்புறம் ஒட்டும் அலையலையான வண்ணத்தாளைச் செய்யவும் ஐரோப்பியர் துருக்கியரிடமே கற்றனர்.

குலச்சின்னம் வெறும் அலங்காரமல்ல. ஜாக் ஒகுஸ்த் து தூ (1553-1617) என்ற பிரெஞ்சு அறிஞரின் நூல்களைப் பாருங்கள். மணமாவதற்கு முன் கட்டிய நூல்களில் அவருடைய சின்னம் மட்டும் இருக்கும். 1587இல் மணமுடித்த பின் மனைவி மரீயின் குடும்பச் சின்னமும் அருகே சேர்ந்தது. மரீ 1601இல் மரணித்தார். மறுமணத்தின் பின் இரண்டாம் மனைவியின் சின்னம் அந்த இடத்தைப் பெற்றது. மட்டையைப் பார்த்தே ஒரு நூல் எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்று அறிஞர் கணிக்கிறார்கள். அந்தப் பெண்களின் நினைவும் மட்டையில் தங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1598ஆம் ஆண்டுக் கட்டளைக்கான பேச்சுவார்த்தைகளில் பங்குபற்றியவர்களுள் இந்த து தூவும் ஒருவர். அவர் தம் காலத்து வரலாற்றை நடுநிலையோடு எழுத முயன்றார். அதனால் 1609இல் அவருடைய நூல் ரோமாபுரியின் தடைப் பட்டியலில் சேர்ந்தது. புகழ் பாடிய நூல் அரச அச்சகத்தில் ஏறியது. நியாயம் பேசிய நூல் தடையைச் சந்தித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவரே வரலாறு படிப்பவர்.

மட்டையும் சில வேளை பொய் சொல்லும். விலையைக் கூட்டுவதற்காகப் பழைய நூலில் பிற்காலத்தில் பெரிய இடத்துச் சின்னத்தைப் பதித்தவர்களும் உண்டு. ஆகவே சின்னம், தோல், தாள், கையொப்பம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்பே அறிஞர் முடிவு சொல்வர்.

பெற்றோரிடமும் மாணவிகளிடமும் ஒரு வேண்டுகோள். நம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் பழைய கிதாபுகளும் அறபுத்தமிழ் ஏடுகளும் இருக்கலாம். முதற் பக்கத்தில் உம்மம்மாவின் பெயரோ, வக்பு செய்தவரின் குறிப்போ, ஓதிமுடித்த நாளோ காணப்படலாம். பொன்னில் பொறிக்காவிட்டாலும் அவையே நமது குலச்சின்னங்கள். மட்டை கிழிந்துவிட்டதென்று அதை வீசிவிடாதீர்கள். புதிதாகக் கட்டக் கொடுத்தாலும் பழைய மட்டையையும் எழுத்துள்ள தாளையும் ஓர் உறையிலிட்டு நூலோடு வையுங்கள். நாளை நம் சமூகத்தின் வரலாற்றை எழுத வரும் ஒரு மாணவிக்கு அந்தத் தாள் ஒன்றே சாட்சியாக அமையக்கூடும்.