பழைய லொறியின் உள்ளே வெக்கையும் இரைச்சலும்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து லொறி வாங்கும்போது அது புதிய லொறியாக இருப்பது அரிது. இருபது, முப்பது வருடம் ஓடிய வண்டியே கைக்கு எட்டுகிறது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி சில வருடங்களின் பின்னரே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய லொறிகளே மேலும் மேலும் திருத்தப்பட்டு ஓடின. வாங்கப் போகிறவர்கள் ரயரைப் பார்க்கிறார்கள், எஞ்சினைப் பார்க்கிறார்கள், பலகைகளைத் தட்டிப் பார்க்கிறார்கள். சாரதி அமரும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை. நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம் அங்கே இருக்கப்போவது உங்கள் மகனோ மருமகனோதான்.

கண்டியைச் சுற்றியுள்ள பாதைகள் இந்தத் துன்பத்தை இரட்டிப்பாக்குகின்றன. உரம் ஏற்றிக் கொழும்பிலிருந்து வரும் லொறி கடுகண்ணாவையில் ஏறும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். மகியங்கனையிலிருந்து உடதும்பறை நோக்கி வளைவு வளைவாக ஏறும் பாதையும் அப்படியே. விக்டோரியா நீர்த்தேக்கத்திற்காக 1980களில் தெல்தெனியப் பக்கம் காணி இழந்து மகாவலி 'சி' வலயத்திற்குச் சென்ற குடும்பங்களுக்கு அப்பாதை நன்கு பழக்கமானது. சிறிய கியரில் எஞ்சின் வேகமாகச் சுழலும். வண்டியோ நடைவேகத்தில் நகரும். முன்னிருந்து அடிக்கும் காற்று குறைவு. அப்போது எழும் வெக்கை முழுவதும் உள்ளேதான் வரும். டாட்டா, லேலண்ட் லொறிகள் பலவற்றில் எஞ்சினின் ஒரு பகுதி சாரதியின் பக்கத்திலேயே ஒரு மூடியின் கீழ் இருப்பதை அறிவீர்கள். அத்துடன், இத்தகைய லொறிகள் பல எஞ்சினும் சில்லும் மட்டுமாக விற்கப்பட்டு, சாரதி அறை உள்ளூர்ப் பட்டறையில் மரத்தாலும் தகரத்தாலும் கட்டப்பட்டவை. இடுக்குகளுக்குக் குறைவிருக்காது.

இரைச்சலைச் சிறிய விடயமாக எண்ண வேண்டாம். 85 டெசிபல் இரைச்சலில் எட்டு மணித்தியாலத்திற்கு மேல் வேலை செய்வது காதுக்குக் கேடு என்பது தொழிற்சுகாதாரத் துறையினர் கைக்கொள்ளும் அளவு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 88க்கு நான்கு மணித்தியாலம், 91க்கு இரண்டு. அளக்கக் கருவி இல்லையென்றால், கைநீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் சத்தமிட்டுத்தான் பேச முடிகிறதா என்று பாருங்கள். அப்படியானால் எல்லையைத் தொட்டாயிற்று. இவ்வாறு போன கேள்வி திரும்பி வராது. காதை அடைத்துக்கொண்டு ஓட்டுவதும் சரியல்ல. பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்னும் கடவையில் வரும் புகையிரதமும் கேட்க வேண்டுமே.

அப்படியானால் என்ன செய்வது? விலை கூடிய விரிப்புகளை வாங்கி ஒட்டும்படி முதலில் சொல்வார்கள். நாம் அதைக் கடைசியில்தான் சொல்வோம்.

முதலாவது புகை. எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் கேஸ்கட் எரிந்திருந்தால் கரி படிந்த தடம் தெரியும். 'டக் டக்' என்ற ஓசையும் கேட்கும். இரைச்சலுக்கும் வெக்கைக்கும் இது பெரிய காரணம். அதைவிட மேலாக, புகையோடு வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடியும் தூக்கமுமாக வந்து ஆளைக் கொல்லும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் 2012இல் அறிவித்தது. ஆகவே கேஸ்கட்டை மாற்றாமல் வேறெதையும் தொடாதீர்கள்.

அடுத்தது இடுக்குகள். இரவில் கதவுகளைச் சாத்தி, கால்விரிப்பைத் தூக்கிவிட்டு, ஒருவர் உள்ளே இருக்க மற்றவர் எஞ்சின் பக்கமாக ரோர்ச் லைட் பிடிக்கட்டும். மிதிகளைச் சுற்றியும், கியர் தடியின் அடியிலும், மூடியின் விளிம்பிலும், வயர் போகும் துளைகளிலும் வெளிச்சம் தெரியும். வெளிச்சம் வரும் வழியாகத்தான் சத்தமும் வெக்கையும் வருகின்றன. எவ்வளவு தடித்த விரிப்பு போட்டாலும், விரல் நுழையும் ஓட்டை ஒன்றிருந்தால் பாதிப் பயன் போய்விடும். மூடியின் விளிம்புக்குப் புதிய றப்பர் பட்டி, கியர் தடிக்குக் கிழியாத றப்பர் உறை, சிறு துளைகளுக்கு றப்பர் வளையம். செலவு பெரிதல்ல. பழைய ரயர் ரியூபை வெட்டியும் பட்டி செய்யலாம். எஞ்சின் எண்ணெய் பட்டால் அது ஊதிப்போகும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டிவரும்.

இதன் பின்னரே விரிப்பு. அதிரும் தகரத்தின் உட்புறத்தில் தார் கலந்த கனமான ஒட்டுத்தகடு அதிர்வை அடக்கும். எஞ்சின் மூடியின் அடிப்பக்கத்திற்கு, எண்ணெயை உறிஞ்சாததும் தீப்பிடிக்காததுமான, அலுமினியத் தாள் போர்த்திய விரிப்பே ஏற்றது. பளபளப்பான பக்கம் எஞ்சினைப் பார்க்க வேண்டும். புகைக்குழாய்க்கும் அதற்கும் இடையே காற்று போக இடம் விடுங்கள். தும்பு, சாக்கு, றிஜிபோம் ஆகியவற்றை அங்கே வைக்கவே கூடாது. எண்ணெய் ஊறிய தும்பு புகைக்குழாயருகே திரிபோலாகும். பழைய அஸ்பெஸ்டஸ் துணியோ கயிறோ உள்ளே இருந்தால் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்து உயிரை வாங்கும். நன்றாக நனைத்து எடுத்துப் பையில் கட்டி அகற்ற வேண்டும்.

கூரைக்கு வெள்ளை வர்ணமும், உள்ளே சிறிது இடைவெளி விட்டு ஒரு பலகைத் தட்டும் போதும். ரேடியேட்டரில் அப்பிய வயற்சேற்றைக் கழுவுவதும், தளர்ந்த விசிறிப் பெல்ட்டை இறுக்குவதும் ஏற்றத்தில் நேரடியாகவே தெரியும்.

இந்தியாவில் 2025 ஒக்டோபர் முதலாம் திகதிக்குப் பின் தயாராகும் நடுத்தர, கனரக லொறிகளில் சாரதி அறைக்குக் குளிரூட்டி கட்டாயம். நல்ல சட்டம்தான், ஆனால் நீங்கள் வாங்கிய பழைய வண்டிக்கு அது எட்டாது. உங்களுக்கு உள்ளது ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கராஜில் ஒரு நல்ல பாசும்தான்.

வேலை முடிந்து முதல் நீண்ட பயணம் போய்வந்ததும் மூடியைத் திறந்து பாருங்கள். ஒட்டு கழன்று புகைக்குழாயின் மேல் தொங்கினால் அந்தத் துண்டை அன்றே கழற்றிவிட்டு, இரும்புப் பட்டி வைத்து ஆணி முடுக்குங்கள்.